மூடாத சீட்டும் மும்முறை போன சம்பளமும்: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. ஆலையிலும் தோட்ட அலுவலகத்திலும் வேலை ஓட்டத்தைப் படமாக வரைந்து கணினியில் ஏற்றும்போது, பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக நடக்கும் வேலைகளை எப்படிக் காட்டுவது, வரைந்தது சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பதே அது. படங்கள் எல்லாம் பி.பி.எம்.என். (BPMN) என்ற, வேலை ஓட்டத்தை வரைவதற்கான பொதுக் குறியீட்டில் வரையப்பட்டவை. அதில் கூட்டல் குறியிட்ட சாய்சதுரத்தைக் கூட்டல் வாயில் என்றும், பெருக்கல் குறியிட்டதைப் பெருக்கல் வாயில் என்றும் இங்கே குறிப்பிடுகிறோம். கூட்டல் வாயிலில் பிரிந்தால் எல்லாக் கிளைகளிலும் வேலை நடக்கும். பெருக்கல் வாயிலில் பிரிந்தால் ஒரு கிளையில் மட்டும் நடக்கும்.

கேள்வி: ஐயா, நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை ஒன்றின் எடைமேடையில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். குலை லோரி வந்ததும் முதல் எடை. அதன்பின் கூட்டல் வாயில் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்றில், குலை இறக்கும் தளமான ரேம்ப்பில் தரம் பார்ப்பார்கள். மற்றொன்றில் அலுவலகம் அனுப்புச்சீட்டையும் உரிம எண்ணையும் சரிபார்க்கும். இரண்டும் கூட்டல் வாயிலில் சேர்ந்த பிறகு காலி எடை, எடைச்சீட்டு, முடிவு. தரம் பார்க்கும் கிளையில், சுமை ஏற்கப்படாவிட்டால் 'லோரியைத் திருப்பு' என்று தனி முடிவுக்குப் போகும். மற்ற நாளெல்லாம் சரியாக ஓடுகிறது. லோரி திரும்பும் நாளில் மட்டும் அந்தப் பதிவு மூடாமல் நிற்கிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: மென்பொருள் நீங்கள் வரைந்ததை அப்படியே செய்கிறது. கோளாறு படத்தில் இருக்கிறது.

ஒரு தாளில் படத்தை வரைந்து, தொடக்கத்தில் ஒரு பொத்தானையோ சில்லறைக் காசையோ வையுங்கள். இதை டோக்கன் என்போம். ஒரு வேலை முடிந்தால் டோக்கன் அடுத்த கோட்டுக்கு நகரும். கூட்டல் வாயிலுக்குள் ஒரு டோக்கன் போனால் கிளைக்கு ஒன்றாக வெளியே வரும். சேரும் இடத்தில் உள்ள கூட்டல் வாயில், உள்ளே வரும் எல்லாக் கோட்டிலும் டோக்கன் இருந்தால்தான் திறக்கும். திறந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் வெளியே விடும். பெருக்கல் வாயில் எதற்கும் காத்திருக்காது. வந்த டோக்கனை வந்தபடியே ஒரு வழியில் அனுப்பும்.

இப்போது லோரி திரும்பும் நாளை ஓட்டிப் பாருங்கள். முதல் எடைக்குப் பின் டோக்கன் இரண்டாகிறது. அலுவலகக் கிளையின் டோக்கன் சரிபார்ப்பை முடித்துவிட்டு, சேரும் கூட்டல் வாயிலின் முன் வந்து நிற்கிறது. தரக் கிளையின் டோக்கனோ 'லோரியைத் திருப்பு' வழியாகப் போய் முடிவில் மறைந்துவிட்டது. கூட்டல் வாயில் ஒருபோதும் வராத டோக்கனுக்காகக் காத்திருக்கிறது. இதுதான் முட்டுநிலை. இன்னொரு தீங்கும் சேர்ந்தே வருகிறது: திரும்பும் லோரிக்குக் காலி எடை எடுக்கும் வேலை நடக்கவே இல்லை. லோரியில் எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்ற கணக்கு அந்த லோரிக்கு இருக்காது.

'முடிவு' குறிக்குப் பதிலாக, எல்லா டோக்கனையும் ஒரேயடியாக அழிக்கும் முடிவுக்குறி பி.பி.எம்.என்.னில் உண்டு. உள்ளே கருப்பு வட்டம் நிரப்பிய குறி அது. அதைப் போட்டால் பதிவு மூடிவிடும். ஆனால் அலுவலகச் சரிபார்ப்பு பாதியில் அறுபடும், காலி எடையும் விட்டுப்போகும். இந்த வேலைக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சரியான திருத்தம் இப்படி இருக்கும். தரம் பார்த்ததும் முடிவை 'ஏற்பு' அல்லது 'திருப்பு' என்று பதிவில் எழுதச் செய்யுங்கள். இரண்டு வழியையும் அதே கிளைக்குள் ஒரு பெருக்கல் வாயிலில் மீண்டும் ஒன்றாக்குங்கள். அதன்பிறகே கூட்டல் வாயிலுக்கு வரட்டும். சேர்ந்ததும் எல்லா லோரிக்கும் பொதுவாக வெளியேறும் எடை. அதற்கடுத்து இன்னொரு பெருக்கல் வாயில்: ஏற்பு என்றால் எடைச்சீட்டு, திருப்பு என்றால் திருப்பி அனுப்பும் சீட்டு. இந்த இரண்டாவது வாயிலில் ஒரு வழியை 'வேறெதுவும் பொருந்தாவிட்டால் இது' என்று குறித்துவையுங்கள். கிராணி முடிவை எழுத மறந்த பதிவு, எந்த நிபந்தனையும் பொருந்தாமல் அங்கேயே நின்றுபோகும் ஆபத்து அதனால் நீங்கும்.

கேள்வி: எங்கள் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) மூடியதும் ஈ.பி.எப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இ.ஐ.எஸ். (வேலைக் காப்புறுதி) ஆகியவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் கழிவுகளை மூன்று பேர் தனித்தனியாகக் கணக்கிடுகிறோம். மூன்றும் சேரும் இடத்தில் பெருக்கல் வாயில், அதற்குப் பின் 'வங்கிக்குச் சம்பளக் கோப்பு அனுப்பு'. சோதனை ஓட்டத்தில் கோப்பு மூன்று முறை போனது.

பதில்: முந்தைய கேள்வியில் டோக்கன் குறைந்தது, உங்களுக்குக் கூடிவிட்டது. கூட்டல் வாயிலில் பிரிந்த மூன்று டோக்கன்களையும் பெருக்கல் வாயில் ஒன்றாக்காமல் ஒவ்வொன்றாக வெளியே விட்டிருக்கிறது. அதனால் ஒரே வேலை மும்முறை. கவனிக்க வேண்டிய கெடுதல் முதல் கோப்பில்தான் இருக்கிறது: அது போகும்போது ஒரு கழிவு மட்டுமே முடிந்திருக்கும். ஆகவே அந்தக் கோப்பில் உள்ள நிகரச் சம்பளம் எல்லாருக்கும் தவறு. 'இரண்டாம் கோப்பையும் மூன்றாம் கோப்பையும் நிறுத்திவிட்டால் போதும்' என்று மென்பொருள்காரர் சொன்னால் ஏற்காதீர்கள்.

சேரும் இடத்தில் கூட்டல் வாயில் போடுங்கள். ஆனால் இ.ஐ.எஸ். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனி ஓட்டமாக நடத்துவதானால், அந்நியத் தொழிலாளிக்கு அந்தக் கிளையில் வேலை இல்லை. அதற்காகக் கிளையையே விட்டுவிட்டால் கூட்டல் வாயில் முட்டி நிற்கும். கிளைக்குள் ஒரு பெருக்கல் வாயில் வைத்து 'கணக்கிடு', 'தாண்டிச் செல்' என்று இரு வழி கொடுத்து, உள்ளேயே ஒன்றாக்குங்கள். டோக்கன் எப்படியும் சேரும் இடத்துக்கு வந்தாக வேண்டும். வேலை செய்துகொண்டு வந்ததா வெறுமனே வந்ததா என்பது கூட்டல் வாயிலுக்குத் தேவையில்லை.

கெடுவையும் படத்தில் சேர்த்துவிடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். ஈ.பி.எப்., சொக்சோ சந்தாக்களைச் செலுத்த அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை நேரம் உண்டு. ஆகவே சம்பளக் கோப்பு காத்திருக்க வேண்டியது கழிவுத் தொகையைக் கணக்கிடும் வேலைக்குத்தான். சந்தாவைச் செலுத்தும் வேலையையும் அதே கிளையில் கோத்துவிட்டு, அது முடியும்வரை சம்பளத்தை நிறுத்திவைக்கும் படங்களை அடிக்கடி காண்கிறோம். அந்த வேலையைச் சம்பளத்துக்குப் பின்னால் தள்ளுங்கள்.

கேள்வி: வட்டம் போட்ட சாய்சதுரம் ஒன்று இருக்கிறதே, தேவையான கிளைகளில் மட்டும் வேலை நடத்தும் வாயில். அதைப் போட்டால் இந்தத் தாண்டும் வழியெல்லாம் வேண்டாமே?

பதில்: பிரிக்கும் இடத்தில் அது எளிது. சேரும் இடத்தில்தான் தொல்லை. இன்னும் டோக்கன் வரக்கூடுமா, இனி வரவே வராதா என்று அந்த வாயில் முடிவுசெய்ய வேண்டும். அதற்குத் தன் முன்னால் உள்ள கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. படம் முழுவதும் டோக்கன்கள் எங்கே நிற்கின்றன என்று அலச வேண்டும். பின்னால் திரும்பிச் செல்லும் சுழற்சி ஒன்று படத்தில் இருந்துவிட்டால், இரண்டு வாயில்கள் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருக்கும் நிலையும் வரலாம். கிளைகள் இரண்டு மூன்றுதான் என்றால், கூட்டல் வாயிலும் தாண்டும் வழியும் போதும். படம் கொஞ்சம் பெரிதாகும், சோதனை தெளிவாகும்.

கேள்வி: நான் போலிடெக்னிக் மாணவி. டோக்கனைக் கையால் நகர்த்திப் பார்ப்பது சின்னப் படத்துக்குச் சரி. பெரிய படத்தில் எல்லா வழியையும் ஓட்டிப் பார்ப்பது எப்படி? இதற்குக் கணித அடிப்படை உண்டா?

பதில்: உண்டு, தங்கையே. ஜெர்மானியர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் டார்ம்ஸ்டாட்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது பெட்ரி வலை. வட்டங்கள் இடங்கள், கட்டங்கள் செயல்கள். அம்புக்குறி இடத்திலிருந்து செயலுக்கோ செயலிலிருந்து இடத்துக்கோ மட்டும் போகும். உள்ளே வரும் எல்லா இடங்களிலும் டோக்கன் இருந்தால் செயல் நடக்கும். கூட்டல் வாயிலையும் பெருக்கல் வாயிலையும் மட்டும் கொண்ட பி.பி.எம்.என். படம் எதையும் இந்த வலையாக மாற்றிவிடலாம்.

இதை வேலை ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, 'ஒழுங்கான ஓட்டம்' என்றால் என்ன என்று 1990களில் வரையறுத்தவர் நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட். அவர் கேட்பவை மூன்று. எந்த நிலையில் இருந்தாலும் முடிவை எட்ட ஒரு வழி இருக்க வேண்டும். முடிவில் டோக்கன் வந்து சேரும்போது வேறெங்கும் டோக்கன் மிஞ்சக் கூடாது. ஒருபோதும் நடக்க வாய்ப்பில்லாத வேலை படத்தில் இருக்கக் கூடாது. எடைமேடைப் படம் முதல் நிபந்தனையிலேயே விழுந்தது. சம்பளப் படம் இரண்டாவதில் விழுந்தது. முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஒரு கூடுதல் செயலை இணைத்து வலையை வளையமாக்கினால், இந்த மூன்றும் ஒரே கேள்வியாகிவிடும்: எந்தச் செயலும் என்றென்றைக்குமாகச் செத்துப்போகாமல், எந்த இடத்திலும் டோக்கன் எல்லையின்றிப் பெருகாமல் அந்த வளையம் ஓடுமா? இந்தச் சமன்பாட்டை அவர் நிறுவியதால், பெட்ரி வலைக்கு ஏற்கெனவே இருந்த சோதனை முறைகள் எல்லாம் வேலை ஓட்டத்துக்கும் பயன்பட்டன.

எல்லா நிலைகளையும் எண்ணிப் பார்ப்பது ஏன் கடினம் என்றால், பக்கவாட்டில் நடக்கும் வேலைகள் நிலைகளைப் பெருக்கிவிடுகின்றன. கிளைக்கு ஒரு வேலை என 10 கிளை இருந்தால் நடுவே 2இன் 10ஆம் அடுக்கு, அதாவது 1,024 நிலைகள். 20 கிளை என்றால் 1,048,576. கிளைக்கு 3 வேலை என 4 கிளை இருந்தால் 4 × 4 × 4 × 4 = 256.

அதனால் எண்ணுவதற்கு முன் சுருக்குங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு வேலைகளை ஒரே கட்டமாக்குங்கள். கூட்டல் வாயிலில் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரே கட்டத்தோடு, கூட்டல் வாயிலிலேயே சேரும் தொகுதியை ஒரு கட்டமாக்குங்கள். பெருக்கல் வாயிலில் பிரிந்து பெருக்கல் வாயிலில் சேர்வதற்கும் அதே விதி. பெருக்கல் வாயில்களுக்கிடையே உள்ள எளிய சுழற்சியையும் ஒரு கட்டமாக்கலாம். இப்படிச் செய்துகொண்டே போய் கடைசியில் ஒரே கட்டம் மிஞ்சினால் படம் ஒழுங்கானது. ஒரு நிலையைக்கூட எண்ணத் தேவையில்லை. திருத்திய எடைமேடைப் படத்தை இப்படிச் சுருக்கிப் பாருங்கள், ஒரு கட்டமாகிவிடும். பழைய படம் சுருங்காது: கூட்டல் வாயிலின் ஒரு கிளைக்குள் இருக்கும் பெருக்கல் வாயில், தொகுதிக்கு வெளியே ஓர் அம்பை நீட்டிக்கொண்டு நிற்கும்.

சுருங்க மறுத்தால் உடனே தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தொகுதியாக அமையாத படங்களிலும் ஒழுங்கானவை உண்டு. அவற்றைக் கருவியிடம் கொடுங்கள். வொப்லான், புரோம், லோலா ஆகியவை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவிகள். கூட்டல், பெருக்கல் வாயில்கள் மட்டுமே உள்ள படத்திலிருந்து வரும் வலை 'தடையற்ற தேர்வு' வகை; அதாவது ஒரே டோக்கனுக்குப் போட்டியிடும் செயல்களில் எதுவும் வேறோர் இடத்தின் டோக்கனுக்காகத் தனியே காத்திருக்காது. அந்த வகைக்கு எல்லா நிலைகளையும் எண்ணாமலேயே, படத்தின் அளவுக்கு ஏற்றபடி மிதமாக வளரும் நேரத்தில் சோதித்துவிடலாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தொழில்துறையிலிருந்து எடுத்த 700க்கும் மேற்பட்ட படங்கள் சோதிக்கப்பட்டன; ஒரு படத்துக்கு ஆன நேரம் சில மில்லி வினாடிகளே. ஆகவே படம் வரைந்து முடித்த பிறகு ஒருமுறை என்றில்லாமல், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் சோதிக்கலாம்.

கேள்வி: இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா? பெரிய நிறுவனங்களின் படங்களில் இப்படிப்பட்ட தவறு இருக்குமா என்ன?

பதில்: இருந்திருக்கிறது. வணிக மென்பொருள் தயாரிக்கும் எஸ்.ஏ.பி. நிறுவனம் முன்மாதிரியாகக் கொடுத்திருந்த 604 படங்களை ஆய்வாளர்கள் 2006 வாக்கில் சோதித்தபோது, குறைந்தது 34இல் பிழை கண்டார்கள். மற்றவர்கள் பார்த்து நகலெடுக்கத் தரப்பட்ட படங்கள் அவை.

கேள்வி: எந்தெந்த வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கக்கூடும் என்று பட்டியல் எடுக்க முடியுமா? எங்கள் ஆலையில் தரம் பார்ப்பவர் பழுக்காத குலைக்காக எழுதிய கழிவு சில சமயம் பதிவிலிருந்து காணாமல் போகிறது.

பதில்: முடியும், உங்கள் சிக்கலுக்கு அந்தப் பட்டியல்தான் மருந்து. சுருக்கும்போது எந்தத் தொகுதி எதற்குள் இருந்தது என்று ஒரு கிளைமரமாக எழுதி வையுங்கள். இரண்டு வேலைகளை எடுத்து, இரண்டையும் அடக்கும் மிகச் சிறிய தொகுதி எது என்று பாருங்கள். அது கூட்டல் தொகுதி என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். வரிசை என்றால் ஒன்றன்பின் ஒன்று. பெருக்கல் தொகுதி என்றால் ஒன்று நடந்தால் மற்றது இல்லை. வெளியே ஒரு சுழற்சி சூழ்ந்திருந்தால் இரண்டும் நடக்கலாம், அப்போதும் ஒரே நேரத்தில் அல்ல. 12 வேலைக்கு 66 இணைகள், ஒரு மாலையில் முடிந்துவிடும். தொகுதியாக அமையாத படங்களுக்கு, கோவல்யோவும் எஸ்பார்சாவும் 1996இல் கொடுத்த கணிப்பு முறை இருக்கிறது. தடையற்ற தேர்வு வகை வலைகளில் இந்தப் பட்டியலை அது விரைவாகத் தரும்.

'ஒரே நேரத்தில்' என்பதைக் கடிகாரப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். எது முந்தினாலும் படம் தடுக்காது என்பதே பொருள். எனவே பட்டியலில் உள்ள ஒவ்வோர் இணைக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டும் ஒரே பதிவில் எழுதுகின்றனவா? இரண்டும் படிக்க மட்டும் செய்தால் ஆபத்து இல்லை. உங்கள் ஆலையில் நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: அலுவலகம் எடைப்பதிவைத் திறக்கிறது, அதன்பின் தரம் பார்ப்பவர் பழுக்காத குலைக்கான கழிவை எழுதிச் சேமிக்கிறார், அலுவலகம் உரிம எண்ணைத் திருத்தி, தன் திரையில் இருக்கும் பழைய பதிவு முழுவதையும் மேலே சேமிக்கிறது. கழிவு போய்விட்டது. டோக்கன் சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் டோக்கனுக்குள் எழுத்து இல்லை. ஒவ்வொருவரும் தங்கள் கட்டத்தை மட்டும் சேமிக்கும்படி திரையை மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால், பழைய பதிப்பின் மேல் சேமிப்பதை மென்பொருள் மறுக்கட்டும். இரண்டும் இயலாவிட்டால் அந்த இரு வேலைகளையும் வரிசையில் வைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் படம் கருவிச் சோதனையில் ஒழுங்கு என்று வந்துவிட்டது. ஆனாலும் உச்ச விளைச்சல் மாதத்தில் ஒருநாள் எடைமேடையில் எல்லாம் உறைந்து நின்றது. மேடை ஒன்று, ரேம்ப்பில் லோரி நிற்க இரண்டு இடம். உள்ளே வரும் லோரியும் வெளியே போகும் லோரியும் ஒரே மேடையில்தான் ஏற வேண்டும்.

பதில்: அந்தச் சோதனை ஒரே ஒரு லோரியின் ஓட்டத்தைப் பார்த்தது. லோரிகள் ஒன்றோடொன்று போட்டியிடும் இடங்கள் அதில் இல்லை. 'மேடை' என்று ஓர் இடம் வரைந்து 1 டோக்கனும், 'ரேம்ப்' என்று ஓர் இடம் வரைந்து 2 டோக்கனும் வையுங்கள். லோரி மேடையில் ஏறும்போது மேடை டோக்கனை எடுக்கும், இறங்கும்போது திருப்பி வைக்கும், ரேம்ப்புக்கும் அப்படியே. பிறகு மூன்று லோரியை உள்ளே விடுங்கள். இரண்டு ரேம்ப்பில் நிற்கின்றன. மூன்றாவது முதல் எடை முடிந்தும், ரேம்ப்பில் இடம் இல்லாததால் மேடையிலேயே நிற்கிறது. ரேம்ப்பில் உள்ளவை வெளியேற மேடை வேண்டும். மேடையில் உள்ளது நகர ரேம்ப் வேண்டும். நிகழ்ந்தது இதுதான்.

தீர்வு இரண்டு உண்டு. ஒன்று, எடை எழுதியதும் லோரி இறங்கி நிற்க மேடைக்கும் ரேம்ப்புக்கும் நடுவே இடம் ஒதுக்குவது. அந்த இடத்துக்கும் ஓர் அளவு இருப்பதால் அதையும் டோக்கனாக வரையுங்கள். அது நிரம்பியிருக்கும்போது புதிய லோரியை மேடையில் ஏற்றக் கூடாது. இரண்டாவது, ரேம்ப் டோக்கனை முதலில் எடுத்த லோரிதான் மேடையில் ஏறலாம் என்று விதி போடுவது. உள்ளே வருவதும் வெளியே போவதும் கையில் ரேம்ப் இடத்தை வைத்துக்கொண்டே மேடையைக் கேட்பதால், மேடையில் ஏறிய எந்த லோரியும் இறங்கிச் செல்ல வழி இருக்கும். காத்திருப்பு வட்டமாக மூடாது. இடம் குறைந்த ஆலைக்கு நாங்கள் இரண்டாவதையே சொல்வோம். வாயிற்காவலரிடம் இரண்டு அட்டை கொடுத்து, அட்டை வாங்கிய லோரிதான் உள்ளே வரலாம் என்றால் போதும். மென்பொருளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பகிரும் டோக்கனைச் சேர்த்ததும் வலை தடையற்ற தேர்வு வகையாக இருக்காது. விரைவான சோதனை முறை இனி பொருந்தாது. கருவி நிலைகளை எண்ணித்தான் ஆக வேண்டும். முதலில் 3 லோரியோடு எண்ணுங்கள், அடுத்து 4. ரேம்ப் இடங்களைவிட ஒரு லோரி அதிகமாக விட்டாலே இந்த முட்டுநிலை வெளிப்பட்டுவிடும்.

இதையும் டோக்கன் சொல்லாது: நேரம். குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகப் போக வேண்டும் என்பது ஆலைகளில் வழக்கம். தாமதமானால் எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் ஏறும், கச்சா எண்ணெய் விற்பனையில் அதற்கு 5 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. முட்டாத படமும் மெதுவாக ஓடலாம். விதியை மாற்றிய வாரத்தில் ஒவ்வொரு லோரிக்கும் ஆலை வாசலுக்கு வந்த நேரம், முதல் எடை நேரம், காலி எடை நேரம் மூன்றையும் குறித்து அனுப்புங்கள். எந்த இடத்தில் வரிசை நீள்கிறது என்று அடுத்த இதழில் கணக்கிட்டுத் தருகிறோம்.